42 பேரும் ஊட்டிக்குப் போனார்கள்!

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒருநாள் சாயங்காலம் 42 நோட்டுகள் வந்து இறங்கின. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் தமிழ்க் கட்டுரை நோட்டுகள். பி.எட். படித்துக்கொண்டிருந்த என் மூத்த மகள், பயிற்சிக்காகப் போன பள்ளிக்கூடத்திலிருந்து திருத்துவதற்குத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"யம்மா, நீ படிச்சுக் காட்டு. நான் மார்க் போடறேன்" என்றாள்.

அடுப்பில் குழம்பைச் சிம்மில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். தலைப்பு, "நான் சென்ற சுற்றுலா." முதல் நோட்டில் ஊட்டி. படகுச் சவாரி, பூங்கா, குளிர். இரண்டாவது நோட்டிலும் ஊட்டி. அதே படகு, அதே குளிர். பத்தாவது நோட்டு வருவதற்குள் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 42 பேரும் ஊட்டிக்குப் போயிருக்கிறார்கள்! கைடில் 'ரோஜாத் தோட்டம்' என்பது 'ராஜாத் தோட்டம்' என்று தப்பாக அச்சாகியிருக்கிறது போலிருக்கிறது. அத்தனை பேரும் ராஜாத் தோட்டத்தைத்தான் சுற்றிப் பார்த்திருந்தார்கள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "இதுங்கள்ல பாதிப் பேர் செங்கல்பட்டைத் தாண்டினதில்லைம்மா. ஒரு வரிகூட இதுங்களோடது இல்லையே. இதுக்கு நான் என்ன மார்க் போடுவேன்?" என்றாள்.

பிள்ளைகளுக்கு இலக்கியமும் எழுத்தும் சொல்லிக்கொடுக்கும் டீச்சராக ஆவது என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் புரிய ஆரம்பித்தது. வீட்டில் வளர்ந்த பெண்ணோ பிள்ளையோ இருக்கிற சகோதரிகளுக்கு உபயோகப்படுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

தமிழ் படிச்சு என்ன பண்ணப் போறே?

ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பெண், "பி.ஏ. தமிழ் சேரப் போறேன், தமிழ் டீச்சர் ஆவப் போறேன்" என்றதும் வீட்டில் ஒரே ரகளை. "தமிழ் படிச்சு என்ன பண்ணப் போறே? நாம வீட்டுல பேசறது தமிழ்தானே, அதுக்கு ஒரு காலேஜா?" என்றார் எங்க வீட்டுக்காரர். மாமியாரோ, "டீச்சர் வேலைன்னா பொம்பளப் புள்ளைக்கு நல்லதுதான். சாயங்காலம் வெளக்கு வெக்கிறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம்" என்று அவர் பங்குக்குச் சொன்னார். சாயங்காலத்துக்குப் பிறகுதான் 42 நோட்டுகள் வரும் என்று பாவம் அவருக்கு எப்படித் தெரியும்!

சம்பளத்தைப் பற்றிய பயம் இன்று நேற்று வந்ததில்லை. நம் பாரதியாரே 1904-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராகச் சேர்ந்தார். சம்பளம் பதினேழரை ரூபாய். நவம்பரில் அந்த வேலையும் முடிந்து சென்னைக்குப் பத்திரிகை வேலைக்குப் போய்விட்டார். பாரதிதாசன் அப்படியில்லை. 1909-ல் புதுவை அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியராகச் சேர்ந்தவர் 1946-ல் ஓய்வு பெறுகிற வரைக்கும் வாத்தியார்தான். நடுவில்தான் அத்தனை பாட்டும் எழுதினார். என் பெண் இந்த இரண்டு கதையையும் அப்பாவிடம் சொன்னாள். அவர் பதினேழரை ரூபாயை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்!

பெண்ணைத் தமிழ் படிக்க அனுப்ப நினைக்கிற தாய்மார்களுக்கு வழியைச் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாவது வரை தமிழ் நடத்த வேண்டுமானால் பி.ஏ. தமிழோ பி.லிட்.டோ முடித்து, பி.எட். படிக்க வேண்டும். பி.எட். முன்பு ஒரு வருஷம்தான். 2015-லிருந்து இரண்டு வருஷம். அதிலே சில மாதங்கள் பள்ளிக்கூடத்துக்கே போய் நிஜ வகுப்பில் நின்று பாடம் நடத்த வேண்டும். பிறகு அரசுப் பள்ளியில் சேர 'டெட்' என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு; இரண்டாம் தாள் எழுத வேண்டும், 150 மார்க். தேறிய சான்றிதழ் முன்பெல்லாம் ஏழு வருஷம்தான் செல்லும். 2021-லிருந்து ஆயுளுக்கும் செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள். அதோடு முடியவில்லை, ஆசிரியர் தேர்வு வாரியம் வைக்கும் போட்டித் தேர்விலும் தேற வேண்டும். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு நடத்த எம்.ஏ., பி.எட்., அதற்குத் தனிப் போட்டித் தேர்வு.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறாவதிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் காலேஜில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. விசாரித்துக்கொள்ளுங்கள்.

எங்க வீட்டுக்காரர் கடைசியில் தலையாட்டியது என் பெண் அழுததால் இல்லை. "அப்பா, உன் பட்டா விஷயமா தாலுகா ஆபீசுக்கு மனு எழுத யாரைத் தேடிப் போனே? மனு எழுதறவர்கிட்ட காசு குடுத்துதானே எழுதினே? எங்கிட்ட படிக்கிற புள்ளைங்க அவங்க மனுவை அவங்களே எழுதும்" என்றாள். மனுஷர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாள் காலேஜுக்கு அப்ளிகேஷன் வாங்க அவரேதான் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினார்.

நம்ம ஊரிலேயே ஒரு டீச்சர்

ஊட்டிக் கட்டுரைகள் வந்த அன்று ராத்திரி என் பெண் அலமாரியிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தாள். 'கருக்கு.' எழுதியவர் பாமா. "இவங்க நம்ம உத்திரமேரூர்ல குடியிருந்து இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தவங்கம்மா, தெரியுமா?" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உலகமெல்லாம் தெரிந்தவரை உள்ளூர்க்காரியான நான் படித்ததில்லை. குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களுக்குக் கோயிலுக்கு வழி சொல்லவே எனக்குப் பொழுது சரியாக இருந்திருக்கிறது!

பாமா 1958-ல் விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் ஒரு தலித் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா ராணுவத்தில் இருந்தார். அண்ணன் ராஜ் கௌதமன், பெரிய தமிழ் ஆராய்ச்சியாளர், பேராசிரியர்; 2024-ல் காலமானார். பாமா பட்டமும் பி.எட்.டும் முடித்து ஆசிரியையாக வேலை பார்த்தார். பிறகு கன்னியாஸ்திரீயாகச் சேர்ந்து ஏழு வருஷம் இருந்தார். ஏழைப் பிள்ளைகளுக்காக உழைக்கலாம் என்று போனவருக்கு அங்கேயும் சாதி இருப்பதைப் பார்த்து மனசு விட்டுப் போயிற்று. 1992-ல் வெளியே வந்தார். கையில் வேலை இல்லை, காசு இல்லை. அந்த நிலைமையில் சின்ன வயது ஞாபகங்களை எழுத ஆரம்பித்தார். அதுதான் அதே வருஷம் வந்த 'கருக்கு.' பனைமட்டையின் இரண்டு பக்கமும் ரம்பம் மாதிரி அறுக்குமே, அதுதான் கருக்கு.

அதில் ஒரு இடம். சின்னப் பெண்ணாக ஸ்கூல் விட்டு வரும்போது, அவர் தெருப் பெரியவர் ஒருத்தர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டியிருந்த நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் முதலாளியிடம் கொடுப்பதைப் பார்க்கிறாள். அவளுக்கு அது வேடிக்கையாக இருக்கிறது. வீட்டில் வந்து சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்பதால்தான் அப்படி என்று விளக்குகிறார். படிப்பில் முதலாவதாக வந்தால் மற்றவர்கள் தானாகத் தேடி வந்து பழகுவார்கள் என்றும் அவர்தான் சொல்கிறார். அவளும் அப்படியே படித்தாள். இதைப் படித்தபோது ராத்திரி பதினொரு மணி. குழம்பு மூடி வைத்தது வைத்தபடி இருந்தது. எங்கள் தெருவிலும் தனி டம்ளர் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் எனக்கும் ஏனென்று தெரியாது. பெரியவளான பிறகும் நான் யாரையும் கேட்டதில்லை. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்தப் புத்தகம் முழுக்க அவர்கள் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே இருக்கிறது. இதெல்லாம் ஒரு தமிழா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. ஊரை அவமானப்படுத்திவிட்டதாக அவர் ஊர்க்காரர்களே கோபப்பட்டுச் சில மாதங்கள் ஊருக்குள் வர முடியாமல் இருந்தாராம். பிறகு அவர்களே பெருமைப்பட்டார்கள். லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்த்து 2000-ல் ஆங்கிலத்தில் வந்தது. கிராஸ்வேர்ட் பரிசும் வாங்கியது. காலேஜ்களில் பாடமாயிற்று. 1994-ல் 'சங்கதி', பிறகு கதைகள், நாவல்கள் என்று எழுதிக்கொண்டே டீச்சர் வேலையும் பார்த்தார்.

"தன் ஊர்ப் பேச்சுல, தான் பார்த்ததை எழுதினதாலதானே இது இத்தனை தூரம் போச்சு? என் பசங்களுக்கு நான் ஏன் ஊட்டியைக் குடுக்கணும்?" என்றாள் என் பெண்.

மல்லாட்டைன்னு எழுதலாமா மிஸ்?

மறுநாள் வகுப்பில் அவள் நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்தாள். "போன ஞாயித்துக்கிழமை காலைல எழுந்ததுலேருந்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நீங்க பார்த்தது, செஞ்சது மட்டும் எழுதுங்க. பத்து வரி போதும். எழுத்துப் பிழைக்கு இன்னிக்கு மார்க் குறைக்க மாட்டேன்" என்றாளாம்.

வகுப்பே முழித்திருக்கிறது. ஒரு பெண் எழுந்து, "நான் எங்கம்மாகூட மல்லாட்டை பறிக்கப் போனேன் மிஸ். அதை எழுதினா மார்க் போடுவாங்களா?" என்று கேட்டாள். இன்னொருத்தி, "மல்லாட்டைன்னு எழுதலாமா மிஸ், இல்ல வேர்க்கடலைன்னுதான் எழுதணுமா?" என்றாள். மணிலாக் கொட்டைதான் நம்ம பக்கம் மல்லாட்டை ஆகியிருக்கிறது. பாடப் புத்தகத் தமிழும் வேணும், வீட்டுத் தமிழும் வேணும், எது எங்கே என்று தெரிந்துகொள்வதுதான் படிப்பு என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

அன்று வந்த தாள்களையும் நான்தான் வாசித்தேன். செடியைப் பிடுங்கும்போது நகக்கண்ணில் மண் ஏறி எரிவதைப் பற்றி ஒருத்தி. ஏரியில் மீன் பிடிக்கப் போய்ச் செருப்பைத் தொலைத்துவிட்டு அப்பாவுக்குப் பயந்து வைக்கோல் போரில் ஒளிந்துகொண்ட ஒரு பையன். நூறு நாள் வேலைக்குப் போன ஆயாவுக்குச் சோறு எடுத்துப் போனவள். பிழை ஏராளம், ஒற்று ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு தாள் மாதிரி இன்னொரு தாள் இல்லை!

பிழையை அவள் விட்டுவிடவில்லை. ஒரு தாளில் ஒரே ஒரு வகைப் பிழையைத்தான் திருத்துவாள். இந்த வாரம் ர-ற, அடுத்த வாரம் ல-ள-ழ. எல்லாவற்றையும் சேர்த்துச் சிவப்பு மையால் சுழித்தால் பிள்ளை பயந்துபோய் மறுபடி கைடுக்கே ஓடிவிடும் என்கிறாள்.

இப்படி எழுதிப் பழகின பிறகு செய்யுள் நடத்துவதும் சுலபமாயிற்றாம். ஔவையாரும் வெள்ளிவீதியாரும் தாங்கள் பார்த்ததையும் பட்டதையும்தானே 2,000 வருஷத்துக்கு முன்னால் எழுதினார்கள்? சங்கப் பாட்டைப் பொழிப்புரையாக மனப்பாடம் பண்ணின பிள்ளைகள், "இவங்க ஏன் மிஸ் இவ்ளோ வருத்தப்படறாங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்களாம்.

ஒரு தாள்

நிஜத்தை எழுது என்று பிள்ளையிடம் சொன்னால் நிஜம் வரத்தான் செய்யும். மூன்றாவது வாரம் வந்த ஒரு தாளை நான் வாசிக்க எடுத்தேன். என் பெண் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். ஒரு பெண் எழுதியிருந்தாள். 14 வயசு. தாய்மாமனுக்குத் தன்னைப் பேசி முடித்துவிட்டார்கள், தை மாதம் கல்யாணம், இனிமேல் ஸ்கூலுக்கு வர மாட்டேன், யாரிடமும் சொல்லாதீங்க மிஸ் என்று.

அன்று ராத்திரி இவள் சாப்பிடவில்லை. சொன்னால் நம்பி எழுதின பெண்ணுக்குத் துரோகம். சொல்லாவிட்டால் அதைவிடப் பெரிய துரோகம். "யம்மா, நீ என்ன பண்ணுவே?" என்று என்னைக் கேட்டாள். நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் என்ன செய்வோமோ அதைச் செய் என்றேன். 2006-ஆம் வருஷச் சட்டப்படி 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது குற்றம் என்பது அவளுக்கும் தெரியும்.

பயிற்சிக்கு வந்தவள் தானாக எதையும் செய்யக்கூடாது என்று மறுநாள் தலைமையாசிரியையிடம் சொன்னாள். அந்த அம்மா அனுபவஸ்தர். தாளை வகுப்பில் யாருக்கும் காட்டாமல், 1098 சைல்டுலைனுக்குச் சொல்லி, பெண்ணின் தாயையும் கூப்பிட்டுப் பேசினார். "இன்னா டீச்சர் பண்றது, மூணு பொண்ணு வெச்சுக்கினு நான் ஒண்டியா கஷ்டப்படறேன்" என்று அந்தத் தாய் அழுதாளாம். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அதிகாரிகள் வந்தார்கள், எழுதி வாங்கினார்கள், கல்யாணம் நின்றது.

அந்தப் பெண் என் மகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். "உங்களை நம்பித்தானே மிஸ் எழுதினேன்" என்று ஒரே ஒரு வார்த்தை. பயிற்சி முடிகிற நாள் வரைக்கும் வகுப்பில் தலை நிமிரவில்லை. கடைசி நாள் மட்டும் ஒரு தாளை மேஜையில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள். அதில் என்ன இருந்தது என்று என் பெண் எனக்கும் சொல்லவில்லை. பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள். அந்தப் பெண் இப்போது ப்ளஸ் ஒன் படிக்கிறாள்.

அதிலிருந்து என் பெண் எந்த வகுப்பிலும் எழுதச் சொல்லும் முன்பே சொல்லிவிடுகிறாள்: "நீங்க எழுதறதை நான் மட்டும்தான் படிப்பேன். வகுப்புல படிக்கணும்னா உங்களைக் கேப்பேன். ஆனா உங்களுக்கு யாராவது கெடுதல் பண்றாங்கன்னு எழுதினா, அதை மட்டும் நான் மறைச்சு வெக்க முடியாது." பி.எட். பாடத்தில் இல்லாத இந்த மூன்று வாக்கியத்தை அந்தப் பெண்தான் இவளுக்குக் கற்றுக்கொடுத்தாள்.

எழுதுகிற டீச்சர்களுக்கும் சோதனை உண்டு. பக்கத்து இராணிப்பேட்டை மாவட்டத்து லாலாப்பேட்டையில் அரசுப் பெண்கள் பள்ளித் தமிழாசிரியை சுகிர்தராணி. 1973-ல் பிறந்தவர், 2002-லிருந்து கவிதைத் தொகுதிகள் போட்டவர். பெண்ணுடைய உடம்பையும் சாதியின் வலியையும் ஒளிக்காமல் எழுதுகிறவர். இவர் கவிதைகளையும் பாமாவின் 'சங்கதி'யையும் தில்லிப் பல்கலைக்கழகம் பாடமாக வைத்திருந்தது. 2021 ஆகஸ்டில் இரண்டையும் எடுத்துவிட்டது. நம்ம பக்கத்து டீச்சர்கள் இரண்டு பேர் எழுதினது தில்லி வரைக்கும் போய்ச் சிலரைச் சங்கடப்படுத்தியிருக்கிறது.

வீட்டில் நாம் செய்யக்கூடியது

என் பெண்ணைக் கேட்டு எழுதினது இது:

* வளர்ந்த பிள்ளைக்குப் பாட நோட்டு தவிர ஒரு தனி நோட்டு வாங்கிக் கொடுங்கள். அதைத் திருட்டுத்தனமாகப் படிக்காதீர்கள். படித்தது தெரிந்தால் அப்புறம் எழுதாது.

* தானாகக் காட்டினால் முதலில் பிழையைச் சொல்லாதீர்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள்.

* கட்டுரைக்குக் கைடைப் பிரிக்கும் முன் ஐந்து நிமிஷம் வாயால் சொல்லச் சொல்லுங்கள். சொன்னதையே எழுதட்டும்.

* உங்களுக்கு எழுதத் தெரியாவிட்டால் நீங்கள் சொல்ல, பிள்ளை எழுதட்டும். என் மாமியார் சொன்ன பஞ்சகாலத்துக் கதையை என் சின்ன மகள் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறாள்.

* கிளை நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராக்குங்கள். கூடவே நீங்களும் சேருங்கள்.

* எழுத்தில் பயமோ வேதனையோ தெரிந்தால் அதட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள். வெளியாள் உதவி வேண்டுமானால் 1098 இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம்.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் வருஷத்தவை, இருக்கின்றன. ஊர்ச் சபைக்குக் குடவோலை எடுக்க யார் யாருக்குத் தகுதி என்று அதில் எழுதியிருக்கிறது. 35 வயதுக்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும், நிலம் இருக்க வேண்டும், படித்தது மட்டும் போதாது, பிறருக்குச் சொல்லிக்கொடுத்து அறிந்தவராகவும் இருக்க வேண்டும் என்று. பெண்களுக்கும் மற்றச் சாதியாருக்கும் அந்தச் சபையில் இடம் இருந்ததில்லை. ஆனால் சொல்லிக்கொடுத்துத்தான் ஒருவருக்குத் தெரியும் என்பது நிஜம்தான் என்று என் பெண்ணைப் பார்த்தால் தோன்றுகிறது.

அவள் இப்போது ஒரு தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்குத் தமிழ் நடத்திக்கொண்டே போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து எழுதுகின்றன.

போன மாதம் ஒரு பையன் மறுபடி ஊட்டியைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தான். "கைடாடா?" என்று இவள் முறைத்தாள். "இல்ல மிஸ், எங்கப்பா லாரியில நெசமாவே போனேன்" என்றான். வாங்கிப் பார்த்தோம். மலை வளைவெல்லாம் வாந்தி எடுத்ததும், கண்ணைத் திறக்கவே முடியாமல் படுத்துக் கிடந்ததும், இறங்கி வந்த பிறகு மேட்டுப்பாளையத்தில் அப்பா டீ வாங்கிக் கொடுத்ததும்தான் இருந்தது. ராஜாத் தோட்டம் இல்லை!

முழு மார்க் போட்டாள்.